அளப்பதற்கு முன் ஐந்து நிமிஷம்

முதுகு சாய்ந்திருக்க வேண்டும். பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும். கால்மேல் கால் கூடாது. கை மேஜைமேல், நெஞ்சின் உயரத்துக்கு. ஐந்து நிமிஷம் பேசாமல் இருந்த பிறகுதான் அளக்க வேண்டும். சிஸ்டர் பெனிட்டா இவற்றை எனக்குச் சொல்கிறாள், நானும் முதல்முறை கேட்பவள்போலத் தலையை ஆட்டுகிறேன். இதே வாக்கியங்களை, இதே வரிசையில், ஊர் ஊராகப் போய்ச் சொல்லி எனக்கு வயதாகிவிட்டது என்பதை அவளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அண்ணன் முந்திக்கொள்கிறார். "யாருக்குச் சொல்லிக் குடுக்கீங்க சிஸ்டர்? எந்தங்கச்சி பிரஷர்லதான் டாக்டர் பட்டமே வாங்குனா. ஊசி போடுற டாக்டர் இல்ல. பிரஷர் குக்கர் டாக்டர்." மதினி சிரிக்கிறார். இந்த வேடிக்கைக்கு அவர் எத்தனையோ வருஷமாகச் சிரித்துவருகிறார், ஒவ்வொரு தடவையும் புதிதாக. பெனிட்டா மரியாதைக்குப் பல் தெரியச் சிரித்துவிட்டு, "அப்ப மேடத்துக்கே எல்லாம் தெரியும். பேசாம மட்டும் இருங்க மேடம்," என்று பட்டையை என் மேல்கையில் சுற்றி ஒட்டுகிறாள். சரியான அளவுப் பட்டை. மடிப்பில்லாமல் சுற்றியிருக்கிறாள். குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுவே எனக்குக் கவலையாக இருக்கிறது. அளவு கூடுதலாக வந்தால் என் சிறுநீரகத்தை எடுக்க மாட்டார்கள். அண்ணனுக்கு அது வேண்டும். எனக்கு அளவு கூடுதலாக வர வேண்டும்.

பிரஷர்தான் முதல் வாசல் என்று சிறுநீரக டாக்டர் சொன்னார். அதில் தேறினால்தான் மூத்திரம், ஸ்கேன், மற்றதெல்லாம். பிரஷர் இருப்பவர்களிடமிருந்து எடுப்பதில்லை, பிற்பாடு அவர்களுக்கே ஆபத்து. இதை அவர் சொல்லும்போது மதினி என் முகத்தைப் பார்த்தார், நான் சுவரில் தொங்கிய சிறுநீரகப் படத்தைப் பார்த்தேன், அண்ணன்மேல் பாசமுள்ள ஒரு தங்கை பார்ப்பதுபோல அக்கறையாக. எனக்குப் பிரஷர் இருக்கிறது என்று அன்று நிச்சயமாக நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் அண்ணன் வீட்டுக் கூடத்தில் அந்த வார்த்தையையும் சொன்னேன். அண்ணனின் மூத்த மகன் ராஜபாண்டி தோஹாவில் இருக்கிறான், அவனுக்கு லீவு கிடையாது. இளையவன் விவேக்குக்குப் பெண் பார்க்கிறார்கள், ஒத்தக் கிட்னிக்காரனுக்கு எவன் பொண்ணு குடுப்பான் என்று மதினி கேட்டார். மதினிக்குச் சர்க்கரை. ஒவ்வொருவரும் தங்களுக்கு ஆகாத காரணத்தைச் சொல்லி முடித்தபோது மிச்சம் நான் இருந்தேன். "உனக்கென்ன கோமு, பிள்ளையா குட்டியா," என்றார் மதினி. ஆறுதலாகத்தான் சொன்னார். அண்ணன் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். "டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்ணே," என்றேன். எவ்வளவு நல்ல வாக்கியம். மாட்டேன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, மெஷின் சொல்லிவிடும். மெஷின் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஐயோ பாவம், அவளுக்கும் பிரஷராம் என்று எனக்குப் பரிதாபப்படக்கூடச் செய்வார்கள்.

எதை வைத்து நம்பினேன்? அதை நினைத்தால் இப்போது காது சூடாகிறது. களப்பணிக்குப் புதிதாக எடுத்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்த நாளில், எப்படியெல்லாம் அளக்கக் கூடாது என்று காட்டுவதற்காக என் கையையே நீட்டினேன். பெஞ்சு விளிம்பில் கால் தொங்க உட்கார்ந்துகொண்டேன், சின்னப் பட்டையை ரவிக்கைக் கைமேலேயே சுற்றச் சொன்னேன், கையைத் தொங்கவிட்டேன், விடாமல் பேசிக்கொண்டே இருந்தேன். நூற்று ஐம்பத்தெட்டு என்று காட்டியது. பெண்கள் 'ஐயோ' என்றார்கள். பாருங்க, எல்லாத் தப்பையும் சேத்துச் செஞ்சா ஆரோக்கியமான ஆளையும் நோயாளி ஆக்கிறலாம் என்றேன், எல்லாரும் சிரித்தோம். பஸ்ஸில் திரும்பும்போது சிரிப்பு போய்விட்டது. கால் தொங்கியதற்கு இவ்வளவு, பேசியதற்கு இவ்வளவு, பட்டைக்கு இவ்வளவு என்று கழித்துப் பார்த்தேன். எப்படிக் கழித்தாலும் கொஞ்சம் மிஞ்சியது. மிஞ்சுமாறு கழித்தேன். அதன்பின் நான் ஒழுங்காக ஒரு தடவைகூட அளந்துகொள்ளவில்லை. முதலில் பயமாக இருந்தது, அப்புறம் பிடித்துப்போயிற்று. இந்தக் குடும்பத்தில் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு உடம்பில் எங்காவது ஓர் அடையாளம் இருக்கத்தானே வேண்டும் என்று எண்ணினேன். பொய்யாக எடுத்த அளவு என்று ஊருக்கே பாடம் நடத்திவிட்டு, அந்தப் பொய் அளவை மட்டும் எனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டேன். வேறு வேலை பார்க்கும் எவளும் இப்படி ஏமாந்திருக்க மாட்டாள்.

இப்போதும் வழி இருக்கிறது. கணுக்காலைப் பின்னிக்கொண்டால் கொஞ்சம் ஏறும். சேலைக்குள் தொடையை இறுக்கினால் யாருக்கும் தெரியாது. மூச்சைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். காலையிலிருந்து மூத்திரம் போகாமல் வந்திருக்கலாம், அதுவும் ஏற்றும், அது தோன்றவில்லை. ஆனால் கால் நகர மறுக்கிறது. நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், அது இல்லை, பழக்கம். எத்தனை பெண்களின் முழங்காலைத் தொட்டு, 'அம்மா, காலைப் பிரிச்சு வைங்க' என்று சொல்லியிருப்பேன். சமையலுக்கு நடுவில் ஈரக்கையோடு வந்து உட்காருவார்கள். முதல் நிமிஷத்தில் கண் அடுப்பங்கரைப் பக்கம் போகும், இரண்டாவதில் தோள் இறங்கும், சிலர் அப்படியே தூங்கிவிடுவார்கள், எழுப்ப மனசு வராமல் நின்றுகொண்டிருப்போம். என் பாதம் இப்போது தரையில் கல்லைப் போலப் பதிந்திருக்கிறது. ஆனால், அளக்கப்படுபவர் எதை நினைக்கலாம், எதை நினைக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. நானே எழுதிய கையேட்டில்கூட இல்லை. நினைப்பு குற்றமில்லை. கோபப்பட்டால் ஏறும். அந்த அளவுக்குச் சரக்கு என்னிடம் இருக்கிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது? வாய்மொழித் தேர்வு நாளிலிருந்து ஆரம்பிக்கலாம். தேர்வாளர் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று என்னை டாக்டர் கோமளவல்லி என்று அழைத்தார், முதல்முறையாக. கடைசி வரிசையிலிருந்து அண்ணன் எழுந்தார், மின்சார வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்தார் அப்போது, எங்கே போனாலும் சந்தேகம் கேட்கும் தைரியம் உண்டு. "ஐயா, இந்தப் படிப்புக்குக் கெவர்மெண்ட் வேலை ஏதும் உண்டுங்களா?" அரங்கமே சிரித்தது. தேர்வாளரும் சிரித்தார். நான் சேர்ந்து சிரித்தேன், அதுதான் இப்போது எரிகிறது, ஆம், எரிகிறது, நெஞ்சு அடிப்பது பட்டைக்குள் கேட்கிறதா? கேட்கவில்லை. அன்று எனக்காகப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார், காலரில் குண்டூசி எடுக்காமல் இருந்தது, நான்தான் எடுத்துவிட்டேன். இது வேண்டாம். குண்டூசி வேண்டாம். அடுத்ததற்குப் போகிறேன்.

ரெஜினால்ட். துறையில் புள்ளியியல் பார்த்தவர். கண்ணாடியைத் துடைக்காமல் பேசத் தெரியாது. பாதரசக் கருவியில் வாசிப்பவர்கள் எல்லா எண்களையும் பூஜ்யத்தில் முடிக்கிறார்கள், மனிதரின் ரத்தம் எப்படி எப்போதும் பத்துப் பத்தாக ஓடும் என்று என்னிடம் கேட்டார், அந்தக் கேள்வியிலிருந்துதான் என் முதல் கட்டுரை. அவரைப் பற்றி வீட்டில் சொன்னபோது சத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். அண்ணன் சத்தம் போடவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார், காபி குடித்தார், ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நல்ல பையன். வேணாம்," என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து ரெஜினால்ட் என்னைப் பார்த்தால் கண்ணாடியைத் துடைத்தார், பேசவில்லை. பிறகு வேலூர்ப் பக்கம் போய்விட்டார். அன்று அவர் வீட்டில் அண்ணனும் அவரும் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது, கேட்டால் என்ன பதில் வந்துவிடுமோ. கோபப்பட உட்கார்ந்தவள் இப்போது அவர் முகத்தை ஞாபகப்படுத்திக்கொள்ள முயல்கிறேன், வர மாட்டேன் என்கிறது. கண்ணாடி மட்டும் வருகிறது. கோபம் எங்கேயோ நழுவிவிட்டது, அந்த இடத்தில் ஒரு மந்தம், மத்தியானத் தூக்கம்போல. இந்த மந்தத்தில் அளவு இறங்கும். இறங்கக் கூடாது.

போன் அடிக்கிறது. மதினி திரையைத் தூரத்தில் பிடித்து, "ராஜபாண்டிதான்," என்கிறார். "சொல்லுப்பா. ஆமா, ஆஸ்பத்திரிலதான். இந்தா உங்க அப்பா. இந்தா அத்த." போன் என் முகத்துக்கு நேரே வருகிறது. தோஹாவில் ஏதோ குளிரூட்டிய அறையில் மருமகன் கழுத்தில் அட்டை தொங்க உட்கார்ந்திருக்கிறான், கன்னம் ஊதியிருக்கிறது. "அத்தே! எப்படி இருக்கீங்க? நீங்க எங்களுக்குத் தெய்வம் அத்தே. லவ் யூ அத்தே." கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறான். பெனிட்டா பாய்ந்து வந்து, "அம்மா, அவங்க பேசக் கூடாது, மொதல்லருந்து ஆரம்பிக்க வச்சிராதீங்க," என்கிறாள். "பேசலியே, அவன்தானே பேசுறான்," என்கிறார் மதினி. "கேக்குறதும் கூடாதும்மா." "நல்ல கதையா இருக்கு. காதைப் பொத்தியா வைக்க முடியும்?" அண்ணன் நாற்காலியிலிருந்து, "அவ சின்னதுலருந்தே யாரு சொல்றதையும் கேக்க மாட்டா சிஸ்டர், கவலப்படாதீங்க," என்கிறார். மறுபடி சிரிப்பு. நல்லது, நன்றாகச் சிரியுங்கள், இன்னும் நாலு வார்த்தை சொல்லுங்கள், இதுதான் எனக்கு வேண்டும். தெய்வமாம். தெய்வத்தின் சிறுநீரகத்தில் எந்தப் பக்கத்துடையது வேண்டும் என்று கேட்டுக்கொள்ளடா. அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. போன தீபாவளிக்குக் கிடைத்தது. என் பெயர் அவன் பிள்ளைகளுக்குத் தெரியுமோ என்னவோ. எனக்கு எரிச்சலாக இருக்கிறது, ஆனால் எரிச்சல் போதாது, எரிச்சல் தோலோடு நின்றுவிடும். ரத்தக் குழாய்வரை இறங்குகிற ஒன்று வேண்டும். இருக்கிறது. அதைக் கடைசிக்கென்று வைத்திருக்கிறேன்.

அம்மா. மாத்திரை போட மாட்டாள். தலைசுற்றல் நின்னுருச்சுல்ல, இனி எதுக்கு என்பாள். நான் அளப்பேன், சொல்வேன், கத்துவேன், மாத்திரையை வாங்கி வாயில் ஒதுக்கி வைத்துப் பிறகு செம்பருத்திச் செடியடியில் துப்புவாள். ஒரு விடியலில் வாய் கோணி, பேச்சு குழறி, வலப்பக்கம் விழுந்தது. அதற்குப் பிறகு படுக்கையில் கிடந்த காலம் முழுக்க நான். புரட்டிப் போட்டது, துடைத்தது, கூழ் ஊட்டியது எல்லாம் நான். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருவார், கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவார், கோமு இருக்கறதால எனக்குக் கவலையில்ல என்று சாப்பிட்டுவிட்டுப் போவார். அது பரவாயில்லை. அம்மா போய், எடுப்பு முடிந்த அன்று சாயங்காலம் பந்தலில் உறவுக்காரர்களோடு உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே தம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன், நடுவில் ஒரு ஜன்னல்தான். "ஊர்ல இருக்கறவ கையெல்லாம் அமுக்கி அமுக்கிப் பாத்தா. பெத்தவ கைய விட்டுட்டா." தாழ்ந்த குரலில்தான் சொன்னார். யாரோ ம் கொட்டினார்கள். நான் தம்ளர்களை அடுக்கி முடித்தேன். அதன் பிறகும் அவர் வீட்டுக்குப் போனேன், பொங்கலுக்குக் கரும்பு கொண்டுபோனேன். அந்த வாக்கியத்தை இத்தனை காலமாக எச்சிலோடு விழுங்கிக்கொண்டிருக்கிறேன். இந்தா, இப்போது மொத்தத்தையும் வெளியே எடுக்கிறேன். பெத்தவ கைய விட்டுட்டா. விட்டுட்டா. இன்னொரு தடவை. அண்ணனைப் பார்க்கிறேன், இப்போது பார்த்தால்தான் முழுதாக ஏறும். எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார். கழுத்தில் டயாலிசிஸ் குழாய் நுழைந்த இடத்தில் வெள்ளைப் பிளாஸ்திரி, ஓரம் அழுக்காகியிருக்கிறது. முகம் களிமண் நிறம். செருப்பு வார் வீங்கிய பாதத்தில் பதிந்து, அவிழ்த்தாலும் அந்தக் கோடு மறையாது. அவர் யாரையும் பார்க்கவில்லை. பெனிட்டாவின் மேஜைமேல் இருக்கும் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாளுக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அவருக்கு அளவு போட்டிருக்கிறார்கள். தாகத்துக்கு ஐஸ் கட்டியை வாயில் போட்டு, கரைந்துவிடக் கூடாதே என்று அசைக்காமல் வைத்திருப்பார், போன வாரம் பார்த்தேன். விட்டுட்டா என்று மறுபடி சொல்லிப் பார்க்கிறேன். வார்த்தை இருக்கிறது, அதைச் சொன்ன ஆள் இல்லை. பந்தலில் உட்கார்ந்திருந்த தடித்த தோள்காரரை நான் வெறுத்தேன், இந்த மனிதரிடம் அந்த வெறுப்பைக் கொண்டுபோய் வைக்க இடமில்லை. அதற்காக இவருக்குக் கொடுக்க ஆசை வந்துவிட்டதா என்றால் அதுவும் வரவில்லை. பரிதாபம் இருக்கிறது. பரிதாபத்துக்காக விலாவைத் திறந்து காட்ட முடியாது. என்னிடம் எனக்கென்று மிஞ்சியது இந்த உடம்பு ஒன்றுதான், அதையும் யாரோ தூக்கிப் போகலாம் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்யும்போது என்னையும் கூட்டத்தில் உட்கார வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

"ஆச்சு மேடம். அப்படியே இருங்க," என்று பெனிட்டா பொத்தானை அமுக்குகிறாள். பட்டை இறுகுகிறது. இவ்வளவு இறுகும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் யாரிடமும் சொன்னதில்லை. விரல் நுனி மரத்து, கைக்குள் ஒரு நாடி தனியாக நின்று தட்டுகிறது. ஏறு. இவ்வளவு கேட்டாய், இவ்வளவு விழுங்கினாய், ஏறு. மெல்ல மெல்லக் காற்று இறங்கும் சத்தம். மெஷின் கூவுகிறது. "நூத்திப் பதினாறு, எழுபத்தி நாலு," என்று பெனிட்டா உரக்கப் படிக்கிறாள். "காலேஜ் படிக்கிற பொண்ணுக்கு வர்ற மாதிரி இருக்கு மேடம்." மதினி இரண்டு கையையும் கன்னத்தில் ஒற்றிக்கொள்கிறார், கண் நிறைந்துவிட்டது. அண்ணன் முதல்முறையாகப் பாட்டிலை விட்டுவிட்டு என் பக்கம் திரும்புகிறார். "பாத்தியா சொர்ணம், பிரஷர் டாக்டருக்குப் பிரஷரே இல்ல," என்கிறார் மதினியிடம். "வாய மூடுங்க, கண்ணு வச்சிறாதீங்க," என்கிறார் மதினி. மூன்று தடவை எடுக்க வேண்டும், ஒரு நிமிஷம் விட்டு மறுபடி என்கிறாள் பெனிட்டா. முதல் அளவுதான் எப்போதும் அதிகமாக வரும், பயத்தில் வருவது என்று ஆய்வில் அதைச் சேர்ப்பதில்லை, எறிந்துவிடுவோம். என் அதிகம் இவ்வளவுதான். அடுத்தது இதைவிடக் குறையும். தேர்வு அரங்கமும் ஸ்கூட்டரும் பந்தலும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர் பாதரசத்தைக்கூட நகர்த்தவில்லை. அத்தனையும் எங்கேதான் போயிற்று? யாருக்கும் தெரியாமல் இவ்வளவையும் இந்த உடம்பு செரித்துவிட்டு, அலம்பிவைத்த பாத்திரம்போல உட்கார்ந்திருக்கிறது. இனி மூத்திரம் கேட்பார்கள். அதில் ஏதாவது இருக்கும் என்று காத்திருப்பேன். பிறகு ஸ்கேன். ஸ்கேனில் ஏதாவது. கடைசியில் மேஜைமேல் படுத்துக்கொண்டு, மயக்க மருந்து கொடுக்க வருபவர் ஏதாவது கண்டுபிடித்துவிட மாட்டாரா என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படித்தான் நடக்கும். எனக்கு என்னைத் தெரியும்.

"அண்ணே," என்கிறேன். "எனக்குக் குடுக்க மனசில்லண்ணே."

மதினி என்னைப் பார்க்கிறார், அப்புறம் மெஷினைப் பார்க்கிறார், அப்புறம் பெனிட்டாவை. "நார்மல்னுதானம்மா சொன்னீங்க?"

"நார்மல்தான்," என்கிறாள் பெனிட்டா.

"அப்புறம் என்ன கோமு? நார்மல்தானே வந்திருக்கு?" கோபமே இல்லை அவர் குரலில். கணக்கு புரியாத பிள்ளையிடம் கேட்பதுபோலக் கேட்கிறார். அந்தக் கணக்கை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான், அன்று கூடத்தில். அண்ணன் வேடிக்கையாக ஏதாவது சொல்வார் என்று காத்திருக்கிறேன். வாயைத் திறக்கிறார், வறண்டு ஒட்டியிருந்த உதட்டைப் பிரிக்கிறார். "அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல," என்கிறார். "இத்தன நாளா நான் இதையே நெனச்சிட்டு இருந்தேன்ல."

மெஷின் தானாக இரண்டாவது அளவுக்குக் கிளம்பிவிட்டது. பட்டை இறுக ஆரம்பிக்கிறது. பெனிட்டா அதை நிறுத்த வேண்டும் என்பதை மறந்து நிற்கிறாள். அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து வருகிறார், இரண்டடியில் கால் தடுமாறுகிறது. மதினி பையைத் தேடிக் குனிந்திருக்கிறார். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. என் தோளைப் பிடித்துக்கொள்கிறார். முழுப் பாரத்தையும் அதில் போட்டு, மூச்சு வாங்கி, நிமிர்ந்துகொள்கிறார். அளவு ஓடிக்கொண்டிருப்பதால் நான் கையை அசைக்கவில்லை.